ஆலா காட்டும் வழி

“பணம் பணமென்று ஆலாய்ப் பறக்கிறான்!”

மதுரைக் கடைவீதியில் இந்தப் பேச்சு காதில் விழாத நாளில்லை. ஆனையூரில் பஸ்ஸுக்கு நிற்பவரும் சொல்வார்; கூடல் நகர் ரெயில் நிலையத்தில் மூட்டை இறக்குபவரும் சொல்வார். ஆனால் அந்த ‘ஆலா’ யார், அது ஏன் பறக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள்.

ஆலா ஒரு பறவை. ஒடுங்கிய உடல், நீண்டு கூரான சிறகுகள், பெரும்பாலான ஜாதிகளுக்குப் பிளந்த வால். தண்ணீருக்கு மேலே இங்குமங்கும் ஓயாமல் அலைந்து, மீனைக் கண்டதும் கல்லைப் போல் விழும். அந்த ஓயாத அலைச்சலைப் பார்த்துத்தான் நம் முன்னோர் அந்தச் சொல்லைச் சொல்லி வைத்தார்கள் என்பாரும் உண்டு.

கடலே இல்லாத மதுரைச் சீமையிலும் இந்தக் குடும்பத்தார் தலை காட்டுவதுண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆனையூரைச் சுற்றியுள்ள வட்டாரத்துக் கண்மாய்கள் நிரம்பியதும், சாம்பல் கலந்த வெண்ணிறத்தில் ஒரு சிறிய பறவை நீர்மட்டத்தை உரசுவது போல் பறந்து பூச்சிகளையும் சின்ன மீன்களையும் கொத்திச் செல்லும். அதுதான் மீசை ஆலா. காஷ்மீரத்து ஏரிகளிலும் வடநாட்டுச் சதுப்பு நிலங்களிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருவது. கண்மாய் வற்றினால் அதுவும் போய்விடும்.

இது நன்னீர் ஆலா. இதன் அண்ணன் தம்பிமார் கடலில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க வேண்டுமானால் சுமார் 170 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, ஒரு சிறு படகில் ஏறியாக வேண்டும்.

ஆண் கடலும் பெண் கடலும்

மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் தாண்டினால் பாம்பன். 1914-இல் திறந்த பழைய ரெயில் பாலத்தின் வேலையை இப்போது 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் செய்கிறது. அதைத் தாண்டி இராமேசுவரம். அதற்கும் அப்பால் தனுஷ்கோடி. 1964 டிசம்பரில் புயல் ஓர் ஊரையே வாரிக்கொண்டு போன இடம். நெடுங்காலம் மணலில் தத்தித் தத்திப் போக வேண்டியிருந்த அரிச்சல்முனைக்கு 2017-இல் நல்ல சாலை வந்துவிட்டது.

அந்த முனையில் நின்றால் இரண்டு கடல்களை ஒரே பார்வையில் காணலாம். வடக்கே பாக் நீரிணை. குளம் போல் அடங்கிக் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா. அலை எழுந்து அறையும். பெண் கடல், ஆண் கடல் என்று ஜனங்கள் பெயரிட்டிருக்கிறார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். வாடை அடிக்கும் மாதங்களில் வடக்குக் கடல் குமுறும். காற்றைப் பார்த்தே மீனவர் கடலைத் தேர்ந்தெடுப்பார்.

மீனவரின் தூதன்

விடிவதற்கு முன்பே நாட்டுப்படகு கரையை விட்டுவிடுகிறது. வெளிச்சம் பரவியதும் படகோட்டி முதலில் பார்ப்பது தண்ணீரை அல்ல, வானத்தை!

காரணம் இதுதான். சாளை, நெத்திலி போன்ற சின்ன மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரியும். கீழேயிருந்து சூரையும் பாரையும் அவற்றைத் துரத்தும். தப்பிக்க வழியின்றிச் சின்ன மீன்கள் மேல்மட்டத்துக்கு வரும். தண்ணீர் கொதிப்பது போல் துள்ளும். மேலே காத்திருக்கும் ஆலாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். கீழே பெரிய மீனின் வாய். மேலே பறவையின் அலகு. நடுவில் அகப்பட்டது சாளை!

தொலைவில் வெள்ளைப் பொட்டுகள் விழுந்து எழுவதைக் கண்டதும் படகோட்டி சுக்கானைத் திருப்புகிறார். நேர்க்கோட்டில் போகும் பறவைக்கு வழியில் வேலையில்லை; அதன் பின்னால் போய்ப் பயனில்லை. உயரத்திலேயே வட்டமிட்டால் மீன் ஆழத்தில் இருக்கலாம். தாழ்ந்து பறந்து திரும்பத் திரும்ப விழுந்தால் மீன் மேலே வந்துவிட்டது. இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடம் சொல்லித் தருவதில்லை. தகப்பன் சொல்லி மகன் அறிவது.

கூட்டத்தின் நடுவே படகை விட்டால் மீன் கலைந்து ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆகவே ஓரமாகச் சுற்றி வந்து தூண்டிலை ஓடவிடுவார்கள். சூரை கடித்தால் அன்றைய டீசல் செலவுக்கு வழி பிறந்தது. பறவையே இல்லாத கடல் என்றால், கண்ணைக் கட்டிவிட்ட கதைதான்.

படகு ஒன்று, நோக்கம் இரண்டு

இப்படிப்பட்ட படகில் காமிராவுடன் ஒருவர் ஏறினால் அவருக்கு வேறு வழிகாட்டி வேண்டியதில்லை. தூண்டில்காரர் தேடுகிற இடமும் படக்காரர் தேடுகிற இடமும் ஒன்றே. நியூஸிலாந்து போன்ற நாடுகளில் பறவை பார்ப்பதற்கென்றே படகுகள் விடுகிறார்கள். மீன் குடலையும் எண்ணெயையும் கடலில் இட்டுப் பறவைகளை அழைக்கிறார்கள். இங்கே அந்தச் செலவு இல்லை. வலையிலிருந்து கழித்துப் போடும் பொடிமீனே கடற்காகங்களைப் படகின் பின்னால் இழுத்துக்கொண்டு வரும்.

ஆனால் வேலை சுலபமல்ல. கீழே படகு ஆடுகிறது. மேலே பறவை பாய்கிறது. கண்ணாடி வில்லையில் உப்புத் திவலை படிகிறது. கரையில் உதவும் முக்காலி இங்கே உபயோகமற்றது. பலகையில் உட்கார்ந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, படகின் ஆட்டத்துக்கு உடலை வளைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமோ அதற்கும் குறைவோ கதவு திறந்து மூடினால்தான் சிறகு தெளிவாக விழும். வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். காமிராவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, துடைக்க உலர்ந்த துணி, மனிதனுக்கு மிதவைச் சட்டை — இவை மூன்றும் இல்லாமல் கிளம்புவது அறிவீனம்.

சிறு படகுக்கு ஒரு லாபம் உண்டு. பெரிய கப்பலின் தளத்திலிருந்து பறவையின் முதுகைத்தான் பார்க்கலாம். நாட்டுப்படகில் உட்கார்ந்தால் பறவையும் மனிதனும் கண்ணுக்குக் கண் நேர்! அலை மேட்டை ஒட்டி வரும் ஆலாவின் அலகு, கண், அடிச்சிறகு எல்லாம் படத்தில் பதியும்.

யார் யார் வருகிறார்கள்?

ஆலாக்களில் பெரியது காஸ்பியன் ஆலா. உலகிலேயே ஆலா இனத்தில் இதுதான் பருமன். சிவந்து தடித்த அலகே அடையாளம். கொண்டை ஆலாக்களில் இரு வகை: அலகு மஞ்சளானால் பெரிய கொண்டை ஆலா, ஆரஞ்சு நிறமானால் சிறியது. கையடக்கமான சின்ன ஆலா, ஓரிடத்தில் சிறகடித்து நின்று குறிபார்த்து விழும்.

இன்னும் ஆழ்கடலுக்குப் போனால் கருமுதுகு ஆலா. கூட்டை விட்டுக் கிளம்பிய இளம்பறவை பல வருஷங்கள் தரையையே மிதிக்காமல் கடல்மேல் திரியும் என்றால் நம்ப முடிகிறதா? அதைப் போலவே தோன்றும் இன்னொரு ஆலாவுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். மிதக்கும் கட்டையில் உட்கார்ந்து இளைப்பாறும். புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னே நீண்டால் இது. கண்ணோடு நின்றால் அது. ஓடும் படகிலிருந்து இந்த வித்தியாசத்தைக் காணக் காமிராதான் துணை.

குளிர்காலத்தில் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் வந்து சேரும். லடாக்கிலும் திபேத்திலும் பனிமலை ஏரிகளில் பிறந்தவை, பாம்பன் படகுத் துறையில் பொடிமீனுக்குச் சண்டை போடும்! எதிர்த் திசையிலிருந்தும் ஒரு விருந்தாளி உண்டு. தென்துருவத்து அண்டார்டிகாவில் குஞ்சு பொரிக்கும் வில்சன் புயற்பறவை, அங்கே குளிர் வரும்போது வடக்கே கிளம்பி இந்தியக் கடல்களுக்கு வருகிறது. எடை ஐம்பது கிராம் கூடத் தேறாது. அலை மேல் காலை வைத்து நடப்பது போல் தத்தித் தத்தி இரை பொறுக்கும்.

படமே சாட்சி

இராமேசுவரம் தீவின் பறவைகளைப் பற்றி பிடல்ஃப் என்ற வெள்ளைக்காரர் எழுதிய கட்டுரை 1938-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1980-களில் அதே கழகத்தைச் சேர்ந்த எஸ். பாலச்சந்திரன் மண்டபத்திலும் பக்கத்துத் தீவுகளிலும் தங்கிக் கரையோரப் பறவைகளை ஆராய்ந்தார்.

அந்தக் காலத்தில் ஓர் அபூர்வப் பறவையைக் கண்டேன் என்றால், பெரும்பாலும் சுட்டு வீழ்த்திப் பதம் செய்த உடல்தான் அத்தாட்சி. இன்று படமே அத்தாட்சி. நம் நாட்டில் கண்டதாகச் சொல்லப்பட்ட கடற்பறவைகளைப் பற்றிய பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, ஏற்கத்தக்கவை எவை, ஐயத்துக்குரியவை எவை என்று நிபுணர்கள் 2013-இல் பிரித்து வெளியிட்டார்கள். இப்போது ஒருவர் எடுக்கும் மங்கலான படம் கூட, நாளும் இடமும் குறித்திருந்தால், ஒரு கேள்விக்கு விடையாகலாம். கடலுக்குப் போகும் ஆராய்ச்சியாளர் சிலர், மீனவர் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் பலருடைய சட்டைப் பையில் இன்று படம் பிடிக்கும் தொலைபேசி இருக்கிறது!

மணலில் ஒரு முட்டை

இத்தனை சொன்ன பிறகு, சொல்லியே தீரவேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சேதுவின் மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. சில நம்முடையவை, மற்றவை இலங்கையுடையவை. இலங்கை அரசு தன் பக்கத்தை 2015-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. நம் பக்கத்திலோ மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. அனுமதியின்றி அத்தீவுகளில் கால் வைக்கக் கூடாது. தனுஷ்கோடியில் பூநாரைகளுக்காகவே 2025-இல் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

சேதுவின் திட்டுகளில் ஆலாக்கள் முட்டையிடுகின்றன. கூடு என்று ஒன்றுமில்லை; மணலில் சிறு பள்ளம், அவ்வளவே. பல ஜாதிகளுக்கு வருஷத்துக்கு ஒரே முட்டை. மணல் நிறத்திலேயே புள்ளியிட்டிருப்பதால் காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தாய்ப்பறவை அதன்மேல் உட்காருவது சூடேற்ற மட்டுமல்ல, வெயிலிலிருந்து காக்கவும்தான். கடலில் வயிற்றை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு.

இன்னும் அருகே ஒரு படம் என்று ஆசைப்பட்டு ஒருவர் திட்டில் இறங்கினால் என்ன ஆகும்? கூட்டம் முழுவதும் கூச்சலிட்டு எழும்பும். அது காமிராவுக்கு அற்புதமான காட்சி! ஆனால் கீழே முட்டைகள் வெயிலில் வேகும். காக்கை வந்து கொத்தும். மிதிபட்டவை போக மிஞ்சியதும் மிஞ்சாமல் போகலாம். ஒரு நிமிஷத்துப் படத்துக்கு ஒரு வருஷத்துச் சந்ததி விலை.

எல்லைப் பிரச்னையும் உண்டு. 1974, 1976 ஒப்பந்தங்கள் இந்தக் கடலில் கோடு போட்டன. ஆலாவுக்கு அந்தக் கோடு தெரியாது; காலை இந்தியா, பகல் இலங்கை. அதன் பின்னால் போகும் படகுக்கோ அதைத் தாண்டினால் சிறை, படகு பறிமுதல், குடும்பத்தின் பட்டினி. ஆகையால் “இன்னும் கொஞ்சம் போகலாம்” என்று படகோட்டியைத் தூண்டுகிறவர் அவருக்கு நண்பராக மாட்டார். திரும்பலாம் என்று அவர் சொன்னால் திரும்ப வேண்டும்.

மூன்றாவது எதிரி, நைலான் நரம்பு. அறுந்த தூண்டிலைக் கடலில் வீசினால் அது மக்காது. பறவையின் காலில் சுற்றும், சிறகை முடக்கும். ஓடும் இரையைப் பறவையே கவ்வி முள்ளில் மாட்டுவதும் உண்டு. அப்போது நரம்பை வெட்டிவிட்டுக் கைகழுவுவது பாவம். தலையைத் துணியால் மூடிப் பிடித்து, முள்ளின் முனையை வெளியே தள்ளிக் குறட்டால் வெட்டி எடுத்துவிட்டால் அது பிழைத்துப் பறக்கும். அறுந்த நரம்பையும் கிழிந்த வலையையும் கரைக்கே கொண்டு வருவது இரண்டு நிமிஷ வேலை.

கடலுக்குப் போக முடியாதவர்கள்

எல்லோரும் மீன்படகில் ஏற முடியாது, ஏறவும் வேண்டியதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில் வனத்துறை படகு விடுகிறது. சதுப்புக்காட்டின் ஊடே போய்ப் பறவைகளைப் பார்க்கலாம். அரிச்சல்முனைச் சாலையோரம் நின்றாலே குளிர்காலத்தில் ஆலாக்களும் கடற்காகங்களும் கண்ணில் படும்.

அதுவும் இயலாதவர்கள் ஆனையூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் மார்கழி மாலையில் ஒரு நாழிகை நிற்கட்டும். தண்ணீர் இருந்தால் மீசை ஆலா வரக்கூடும். கண்மாய் குப்பைமேடாகி மூடிப்போனால், அது வேறு ஊர் பார்த்துப் போய்விடும்.

மீன் இருக்கும் வரை ஆலா இருக்கும். ஆலா இருக்கும் வரை படகோட்டிக்கு வழி தெரியும். அந்த வழியில் காமிராவும் கூடப் போகலாம், தடையில்லை. ஆனால் படத்துக்காக மனிதன் ஆலாய்ப் பறக்க வேண்டாம். படகிலேயே உட்கார்ந்திருக்கட்டும், பறப்பதை ஆலாவே பார்த்துக்கொள்ளும்!