கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து: நம் உடலில் ஒரு புரதத்தின் மீஸான்

கர்ப்பிணி மகளுக்குத் திடீரென ஏறும் ரத்த அழுத்தம். பல வருடங்களாகச் சர்க்கரை நோயுள்ள அத்தாவுக்கு மங்கிவரும் பார்வை. இரண்டும் தொடர்பில்லாத நோய்களாகத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் பின்னால் ஒரே புரதத்தின் சமநிலைக் குலைவு இருக்கிறது. அதன் பெயர் விஇஜிஎஃப். தமிழில் 'ரத்தக் குழாய் வளர்ச்சிக் காரணி' எனலாம்.

உடலின் ஒரு பகுதிக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றால், அங்குள்ள செல்கள் இந்தப் புரதத்தைச் சுரக்கின்றன. 'இங்கே ரத்தக் குழாய் தேவை' என்று அனுப்பும் செய்தி அது. காயம் ஆறுவதற்கும், கருவில் குழந்தை உருவாவதற்கும் இது வேண்டும். இதற்கான இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்று இல்லாவிட்டாலே எலிக் கரு பிழைப்பதில்லை என்று 1996-ல் விஞ்ஞானிகள் கண்டனர். அர்ரஹ்மான் அத்தியாயம் மீஸான் எனும் தராசைப் பற்றிப் பேசுகிறது. வானத்தில் உள்ள அந்த அளவு நம் ரத்தத்திலும் இருக்கிறது, சுப்ஹானல்லாஹ்!

குறைந்தால்: தாய்க்கு ஆபத்து

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்றவர் டாக்டர் அனந்த் கருமாஞ்சி. பாஸ்டனில் அவரது குழு 2003-ல் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டது. சில கர்ப்பிணிகளின் நஞ்சுக்கொடி வேறொரு புரதத்தை அளவுக்கு மீறி வெளிவிடுகிறது. அது விஇஜிஎஃப்பைப் பிடித்துவைத்துக்கொள்வதால், தாயின் ரத்தக் குழாய்களுக்கு அது கிடைப்பதில்லை. ரத்த அழுத்தம் ஏறுகிறது; சிறுநீரில் புரதம் வெளியேறுகிறது. இதுவே 'ப்ரீ-எக்லாம்ப்சியா'. முற்றினால் வலிப்பு வரும். தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்து.

இது பெரும்பாலும் ஐந்தாவது மாதத்துக்குப் பிறகு வரும். பிரசவத்துக்குப் பின்னும் வரலாம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவை எச்சரிக்கைகள். 'மாசமா இருந்தா வீங்கத்தான் செய்யும்' என்று விட்டுவிடாதீர்கள். அறிகுறியே இல்லாமலும் இது தொடங்கும் என்பதால்தான் ஒவ்வொரு பரிசோதனையிலும் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கப்படுகின்றன.

கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால், ஜின் சேஷ்டை என்று சொல்லித் தாயத்துக்கு ஓடுவது உயிரோடு விளையாடுவதாகும். முதலில் 108-ஐ அழையுங்கள். ஓத வேண்டியதை ஆம்புலன்ஸில் உட்கார்ந்தும் ஓதலாம்.

கூடினால்: பார்வைக்கு ஆபத்து

சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஐ.சி.எம்.ஆருடன் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், அதாவது பெரியவர்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர்.

நீண்ட காலச் சர்க்கரை விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை விஇஜிஎஃப்பை அதிகமாகச் சுரக்கிறது. அதனால் குழாய்கள் கசிந்து, பார்வையின் மையப் பகுதி வீங்குகிறது. சிலருக்குப் புதிய குழாய்களும் முளைக்கின்றன. அவை பலமற்றவை, உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும். உதவிக்கு வந்த புரதமே பார்வையைப் பறிக்கிறது.

இதில் வலி இருக்காது. குர்ஆன் எழுத்துகள் மங்கும்போது கண்ணாடியை மாற்றினால் போதும் என்று நினைப்போம். அதற்குள் நோய் முற்றியிருக்கும். எனவே பார்வை நன்றாக இருந்தாலும், சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். கீழ்பென்னாத்தூர் பகுதி மக்கள் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். புதுச்சேரியில் ஜிப்மரும் அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ளன.

இந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்து இன்று உண்டு. 2004-ல் குடல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவாசிசுமாப், மிகச் சிறிய அளவில் கண்ணுக்கும் பயன்படுகிறது. கண்ணுக்கென்றே வந்த ரானிபிசுமாபின் இந்தியத் தயாரிப்பு 2015-ல் வெளியானது. கண்ணை மரத்துப்போகச் செய்துதான் ஊசி போடுவார்கள். சில நிமிட வேலை. ஆனால் மருந்தின் பலன் சில வாரங்களே நிற்கும். 'ரெண்டு ஊசியில சரியாயிடுச்சு' என்று பாதியில் நிறுத்தாதீர்கள். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தாமல் ஊசி மட்டும் போதாது.

நோன்பு முறியுமா?

ரமழானில் பலர் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கண் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. தொண்டைக்கு வருவதை விழுங்காமல் இருக்க வேண்டும். தோல், தசை, நரம்பில் போடும் சத்தூட்டாத ஊசிகளும் அப்படியே. கண்ணுக்குள் போடும் ஊசி பற்றிச் சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள், அல்லது மருத்துவர் அனுமதித்தால் இரவில் போட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். கர்ப்பிணிக்கு மாதப் பரிசோதனையும், அத்தாவுக்கு வருடாந்திரக் கண் பரிசோதனையும் இன்று நாம் கட்ட வேண்டிய கயிறுகள். தேதியை இன்றே குறித்துவையுங்கள்.

நம் தாய்மார்களின் உயிரையும் பெரியவர்களின் பார்வையையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.