'பீப்' சத்தத்தை மட்டும் நம்பலாமா?

புனேயில் ஒரு சிறு நூலகத்துக்கு வாரம் இருமுறை உதவிக்குப் போகிறேன். ஒரு நாள் ஓர் அம்மாள் திருப்பிக் கொடுத்த புத்தகத்தை, இன்னும் வரவில்லை என்று காட்டியது கணினி. அபராதம் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. புத்தகமோ அலமாரியில் இருந்தது! "ஸ்கேனர் போச்சு, புதுசு வாங்கலாம்" என்றார்கள். ரயில்வேயில் சிக்னல் பழுது பார்த்தே காலம் கழித்தவன் நான். பழுது எங்கே என்று தெரியாமல் எதையும் மாற்ற மனம் வரவில்லை.

பார்கோடு விஷயம் எளிது. ஸ்கேனர் பாய்ச்சும் ஒளியைக் கறுப்புக் கோடு விழுங்கும். வெள்ளை இடம் திருப்பி அனுப்பும். அதிலிருந்து எண்ணைக் கண்டுபிடித்து, நாம் கீபோர்டில் தட்டியது போலவே ஸ்கேனர் கணினிக்கு அனுப்புகிறது. ஆகவே கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம்.

முதலாவது, லேபிள். கோடுகளின் இரு பக்கமும் வெள்ளை இடம் வேண்டும். ஓரத்தை ஒட்ட வெட்டிவிட்டால் படிக்காது. மேலே பளபளக்கும் டேப் இருந்தால் ஸ்கேனரைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். அழுக்கும் எதிரிதான். 1967 முதல் அமெரிக்க ரயில் வேகன்களில் வண்ணக் கோடுகளை ஒட்டினார்கள். அழுக்குப் படிந்து பல வேகன்களைப் படிக்க முடியாமல் போகவே, 1970களின் இறுதியில் அத்திட்டத்தையே கைவிட்டார்கள்.

இரண்டாவது, ஸ்கேனர். அதன் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். பிறகு கணினியில் நோட்பேடைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை ஸ்கேன் செய்யுங்கள். அச்சிட்ட எண் அப்படியே விழுந்தால் ஸ்கேனர் நலம். பிஸ்கட்டைப் படித்து, நல்ல புத்தக லேபிளைப் படிக்க மறுத்தால், 'கோட் 39' போன்ற அந்த வகைக் குறியீடு ஸ்கேனரில் அடைபட்டிருக்கலாம். கையேட்டில் அதற்கென உள்ள பார்கோடைக் காட்டினால் திறந்துவிடும்.

மூன்றாவது, கணினி. கர்சர் நிற்கும் கட்டத்தில்தான் எண் விழும். எங்கள் கோளாறு இதுதான்! கர்சர் தேடும் கட்டத்தில் நின்றிருக்கிறது. 'பீப்' வந்தது, எண்ணும் விழுந்தது, ஆனால் புத்தகம் திரும்பியதாகப் பதிவாகவில்லை.

கேபினில் லீவரை இழுத்தால் மட்டும் போதாது. சிக்னல் கை இறங்கியதா என்று ரிப்பீட்டரில் பார்க்க வேண்டும். அதுபோல, 'பீப்' என்றால் ஸ்கேனர் படித்தது என்றுதான் பொருள். கணினி பதிந்தது என்றல்ல. திரையில் புத்தகத்தின் பெயரும் 'திரும்பியது' என்ற குறிப்பும் வந்த பிறகே அடுத்ததை எடுங்கள்.

புது ஸ்கேனர் வாங்கவில்லை. அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டோம். சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு புத்தகங்கள் எடுத்துப் போனார்.