செத்துப் பிழைக்கும் செடி!
பனிக்கு அடியில் 6 மாதம் தூங்குகிறது, வண்ணத்துப்பூச்சிக்காக எழுகிறது

அமெரிக்காவில் ஒரு செடி இருக்கிறது. அக்டோபர் மாதம் உறைபனி விழுந்ததும் அது செத்துப்போகும். இலை கருகும். தண்டு காய்ந்து வெறும் குச்சியாக நிற்கும். பிறகு அதன் மேல் பனி மூடிவிடும்.

ஆறு மாதம் கழித்து, அதே இடத்தில், மண்ணைப் பிளந்துகொண்டு அது மீண்டும் முளைக்கும்!

இந்த அதிசயச் செடியின் பெயர் "மில்க்வீட்". "பால் களை" என்று அர்த்தம். இலையைக் கிள்ளினால் வெள்ளை வெளேர் என்று பால் வடியும்.

இதைப் படித்ததும் நம் ஊர் எருக்கஞ்செடி நினைவுக்கு வருகிறதா? சரிதான். இரண்டும் உறவு. எருக்கு, அரளி, மில்க்வீட் எல்லாம் ஒரே குடும்பம் என்று தாவர நிபுணர்கள் சொல்கிறார்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து அல்லவா? மில்க்வீட் பாலும் அப்படித்தான்.

வேறு எதையும் தொடாது

"களை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால், இந்தக் களை இல்லாவிட்டால் ஒரு வண்ணத்துப்பூச்சி இனமே பிழைக்க முடியாது.

அதன் பெயர் "மோனார்க்". மன்னர் என்று பொருள். ஆரஞ்சு நிறச் சிறகு. அதில் கறுப்புக் கோடுகள். தாய்ப்பூச்சி மில்க்வீட் இலையில்தான் முட்டை இடும். புழு அந்த இலையைத்தான் தின்னும். வேறு இலையைக் கொடுத்தால் பட்டினி கிடந்து சாகும்.

மில்க்வீட் பாலில் விஷம் உண்டு. அது புழுவை ஒன்றும் செய்வதில்லை. புழுவின் உடம்பில் சேர்ந்து, பிறகு பூச்சிக்கும் போய்விடுகிறது. தெரியாமல் பிடித்துத் தின்ற பறவை வாந்தி எடுக்கும். மறு முறை அந்தப் பக்கமே போகாது. (நம் ஊர் எருக்கஞ்செடியிலும் இப்படி ஒரு புழு வளர்கிறது. "வெந்தய வரியன்" என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது.)

குளிர்காலம் வரும் முன்பே மோனார்க் பூச்சிகள் தெற்கே கிளம்பிவிடும். கனடாவில் இருந்து மெக்சிகோ வரை, சில பூச்சிகள் 3 ஆயிரம் மைல் பறக்கின்றன. அங்கே மலைக் காடுகளில் கூட்டம் கூட்டமாக மரத்தில் ஒட்டிக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

இவை எங்கே போகின்றன என்பது விஞ்ஞானிகளுக்கு நெடுங்காலம் புரியாத புதிராக இருந்தது. கனடா நாட்டு விஞ்ஞானி பிரெட் உர்குவார்ட் பூச்சிகளின் சிறகில் சிறு சீட்டு ஒட்டி, பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவருக்கு உதவி செய்த கென் பிரக்கர், கேத்தலினா அகுவாடோ இருவரும் 1975-ம் ஆண்டு ஜனவரியில் அந்தக் காட்டைக் கண்டுபிடித்தார்கள். மரங்களில் இலை தெரியவில்லை. பூச்சிதான் தெரிந்தது!

மார்ச் மாதம் பூச்சிகள் வடக்கே திரும்பும். டெக்சாஸ் பகுதியில் முட்டை இடும். அந்தச் சமயம் அங்கே மில்க்வீட் துளிர்த்திருக்க வேண்டும். வயல்களில் களைக்கொல்லி மருந்து தெளிப்பதால் மில்க்வீட் வெகுவாக அழிந்துவிட்டது. ஆகையால் வீட்டுத் தோட்டத்தில் அதை வளர்க்கிறார்கள். அவர்களுக்குப் பெரிய வேலையே குளிர்காலத்தில் வேரைக் காப்பாற்றுவதுதான்.

உயிர் எங்கே இருக்கிறது?

உயிர் வேரில் இருக்கிறது. இலை பச்சையாக இருக்கும் வரை, அது தயாரிக்கும் சத்து கீழே இறங்கி வேரில் சேருகிறது. அதனால் பச்சைத் தண்டை வெட்டக் கூடாது. அவசரப்பட்டு வெட்டினால், வேர் வெறும் வயிற்றோடு தூங்கப் போகும்!

நிலம் நன்றாகக் குளிர்ந்த பிறகு, வேர் இருக்கும் இடத்தின் மேல் காய்ந்த சருகு அல்லது வைக்கோலை மூன்று, நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்புகிறார்கள். அது கம்பளி மாதிரி. வசந்தம் வந்ததும் அதை விலக்கிவிட வேண்டும்.

குளிரைவிட ஈரம் பொல்லாதது. ஆரஞ்சுப் பூ பூக்கும் ஒரு வகைக்கு ஆணிவேர் உண்டு. தண்ணீர் தேங்கினால் அந்த வேர் அழுகிவிடும். மேட்டு நிலமாகப் பார்த்து நட வேண்டும்.

தொட்டிச் செடியின் கதை வேறு. தரையில் உள்ள வேரைச் சுற்றிலும் மண் காக்கிறது. தொட்டியை நான்கு புறமும் குளிர் தாக்கும். ஆகவே, தொட்டியோடு மண்ணில் புதைக்கிறார்கள். அல்லது சூடு ஏற்றாத கார் கொட்டகைக்குள் வைத்து, எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் விடுகிறார்கள்.

விதைக்கும் குளிர் வேண்டும்

விதையிலும் ஒரு விந்தை. குளிர் படாத விதை சரியாக முளைக்காது. சிலர் இலையுதிர் காலத்திலேயே விதைத்து, பனியில் கிடக்க விட்டுவிடுவார்கள். சிலர் ஈர மணலில் கலந்து, ஒரு மாதம் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார்கள். குளிர் போய் வெயில் வந்தது என்று விதையை ஏமாற்றும் தந்திரம் இது!

விதையோடு பட்டுப் போன்ற பஞ்சு இருக்கும். இரண்டாவது உலகப் போரில் இந்தப் பஞ்சு பல உயிர்களைக் காப்பாற்றியது. கடலில் மிதக்கும் உயிர்காப்புச் சட்டைக்கு அதுவரை ஜாவாவில் இருந்து வந்த இலவம்பஞ்சைத்தான் அடைத்தார்கள். 1942-ல் ஜாவாவை ஜப்பான் பிடித்துக்கொண்டது. பஞ்சு வரவில்லை. அமெரிக்கப் பள்ளிச் சிறுவர்கள் காடு மேடெல்லாம் அலைந்து மில்க்வீட் காய் பறித்தார்கள். இரண்டு பை காய் ஒரு உயிரைக் காக்கும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது.

தூங்காத செடியால் தொல்லை

வெப்ப நாட்டு மில்க்வீட் ஒன்று உண்டு. சிவப்பும் மஞ்சளும் கலந்த பூ. பார்க்க அழகு. டெக்சாஸ், புளோரிடா போன்ற சூடான இடங்களில் அது குளிர்காலத்திலும் பச்சையாக நிற்கும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால், பூச்சிக்கு நோய் உண்டாக்கும் ஒரு நுண்ணுயிர் அந்த இலைகளில் மாதக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பூச்சிகளும் மெக்சிகோ போகாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. எனவே, அந்தச் செடியை மட்டும் குளிர்காலத்தில் ஆறு அங்குலம் விட்டு ஒட்ட வெட்டச் சொல்கிறார்கள்.

பொறுத்தவர் செடி காண்பார்

மில்க்வீட் சோம்பேறிச் செடி. மற்றச் செடிகள் எல்லாம் துளிர்த்த பிறகுதான் அது எழும். வட மாநிலங்களில் மே மாதம்கூட ஆகும். செத்துவிட்டது என்று நினைத்து, உயிர் உள்ள வேரைத் தோண்டி எறிந்தவர்கள் பலர். அதனால் அனுபவசாலிகள் இலையுதிர் காலத்திலேயே பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துவிடுவார்கள். பழைய தண்டை வசந்தத்தில்தான் வெட்டுவார்கள். அப்போதும் ஒரு சாண் விட்டுவிடுவார்கள். தனித்து வாழும் சிறு தேனீக்கள் அந்தத் தண்டுக்குள் கூடு கட்டும்.

ஒரு நாள் காலை, குச்சியின் அருகே தடித்த முளை தெரியும். இலை விரியும். இலையின் அடியில் குண்டூசித் தலை அளவு ஒரு முட்டை இருக்கும். நான்கு நாளில் புழு வரும். இரண்டு வாரத்தில் அது செடியை மொட்டையாக்கிவிடும். இத்தனை பாடுபட்டு வளர்த்தவர், அந்த மொட்டைச் செடியை அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுவார்!