வழியா, நோக்கமா? கருத்தடை குறித்துக் கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடு

கத்தோலிக்கத் திருச்சபை குடும்பக் கட்டுப்பாட்டை எதிர்க்கிறது என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. எதை எதிர்க்கிறது, ஏன் எதிர்க்கிறது, எதை அனுமதிக்கிறது என்பவை அவ்வளவாக அறியப்படவில்லை. நம் மேடைகளில் இவ்வெதிர்ப்பு இரு விதமாக எடுத்தாளப்படுகிறது. "வத்திக்கானே தடுத்திருக்கும் ஒன்றை முஸ்லிம்கள் ஏற்கலாமா?" என்று கேட்போர் ஒரு சாரார். "கணக்கின்றிப் பிள்ளை பெறச் சொல்லும் மதம் அது" என்று எள்ளுவோர் மற்றொரு சாரார். திருச்சபையின் வாதத்தை இவ்விரு சாராரும் படித்தறிந்து பேசுவதாகத் தெரியவில்லை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகைமை கூட நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்பது திருக்குர்ஆன் (5:8) நமக்கு இட்டுள்ள கட்டளை. பிறர் சொல்வதை அவர்கள் சொல்லும் விதத்திலேயே விளங்கிக்கொள்வதும் அந்நீதியில் சேர்ந்ததே.

இன்னொரு காரணமும் உண்டு. அடுத்தடுத்த பேறுகளால் உடல் நலிந்த ஒரு பெண் பிள்ளைகளுக்கிடையே சிறிது இடைவெளி நாடும்போது, அதைச் சிசுக்கொலையோடு ஒப்பிட்டு அவளை அச்சுறுத்துவோர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் துணைக்கழைக்கும் வாதங்களுள் சில நம் ஃபிக்ஹு நூல்களில் முளைத்தவை அல்ல. எது யாருடைய வாதம் என்று பிரித்தறியாமல் அப்பெண்ணுக்கு நாம் மறுமொழி கூற இயலாது.

வாதத்தின் வேர்கள்

பழைய ஏற்பாட்டின் ஆதியாகமம் 38ஆம் அதிகாரத்தில் ஓனான் என்பவனின் வரலாறு வருகிறது. இறந்துபோன தமையனுக்காக அவன் மனைவியிடம் சந்ததியை உண்டாக்க வேண்டியவன், விந்தைத் தரையில் சிந்திவிட்டான். அதற்காக இறைவனால் தண்டிக்கப்பட்டான். தமையனுக்குரிய கடமையில் தவறியதே அவன் குற்றம் என்று கொள்வோர் உண்டு. கருத்தரிப்பைத் தவிர்த்த செயலே குற்றம் என்று கொண்டோரின் விளக்கம் கிறிஸ்தவ உலகில் நெடுங்காலம் மேலோங்கி நின்றது.

இக்கருத்துக்குத் தத்துவ வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் கி.பி. 354 முதல் 430 வரை வாழ்ந்த அகஸ்டின். அவர் இளமையில் சுமார் 9 ஆண்டுகள் மானி மதத்தைப் பின்பற்றியவர். சடப்பொருளைத் தீமையின் ஆக்கமாகக் கருதிய அம்மதத்தார், பிள்ளைப்பேற்றை விரும்பத்தகாததாகக் கொண்டனர். அவர்களை மறுக்கப் புகுந்த அகஸ்டின், சந்ததியே திருமணத்தின் தலையாய நன்மை என்று நிறுவினார். கருத்தரிக்கும் நாட்களைத் தவிர்க்குமாறு மானி மதத்தார் போதித்ததையும் அவர் கண்டித்தார். இதை இங்கே நினைவில் இருத்திக்கொள்வோம். பிற்காலத்தில் திருச்சபை அனுமதித்தது இத்தகையதொரு வழியைத்தான்.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், ஒவ்வொரு செயலுக்கும் இயற்கை வகுத்த இலக்கு உண்டு, அதைக் குலைப்பது பாவம் என்ற 'இயற்கை நியதி'க் கோட்பாட்டின்மீது இத்தடையை நிறுத்தினார். கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த லூத்தரும் கால்வினும் கூட இந்த விஷயத்தில் பழைய வழியிலேயே நின்றனர்.

பிளவு 1930ஆம் ஆண்டில் நேர்ந்தது. 1908லும் 1920லும் கருத்தடையைக் கண்டித்திருந்த ஆங்கிலிக்கன் ஆயர்களின் லாம்பெத் மாநாடு, 1930 ஆகஸ்டில் சில நிபந்தனைகளோடு அதற்கு இடமளித்தது. அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று போப் பதினோராம் பயஸ் 'காஸ்தி கொன்னூபி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டு, செயற்கைக் கருத்தடை இயற்கைக்கும் இறைச்சட்டத்துக்கும் மாறான பெரும் பாவம் என்று அறிவித்தார்.

இதே காலப்பகுதியில், 1920களில், ஜப்பானிய மருத்துவர் ஓகினோவும் ஆஸ்திரிய மருத்துவர் க்னாவுஸும் மாதச் சுழற்சியில் கருத்தரிக்கும் நாட்கள் எவை என்பதைத் தனித்தனியே கண்டறிந்தனர். 1951இல் பேறுகாலச் செவிலியரிடையே உரையாற்றிய போப் பன்னிரண்டாம் பயஸ், தக்க காரணங்கள் இருப்பின் தம்பதியர் கருத்தரிக்காத நாட்களை மட்டும் தேர்ந்துகொள்ளலாம் என்றார். பிள்ளைப்பேற்றைத் தவிர்க்கும் நோக்கமே பாவம் என்ற நிலை அன்றோடு மாறியது. நோக்கம் தக்கதாக இருக்கலாம். வழிதான் ஆராயப்பட வேண்டும் என்றாயிற்று.

1968ஆம் ஆண்டின் தீர்ப்பு

1960இல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதன் ஆய்வில் பெரும்பங்கு கொண்ட மருத்துவர் ஜான் ராக், நாள்தோறும் ஆலயம் செல்லும் கத்தோலிக்கர். மாத்திரை எந்த உறுப்பையும் மறிக்கவில்லை, உடலில் இயல்பாகவே சுரக்கும் பொருள்களைப் போன்றவற்றைக் கொண்டு கருத்தரிக்காத காலத்தை நீட்டிக்கிறது, எனவே இதுவும் இயற்கையை ஒட்டியதே என்று அவர் வாதிட்டார். கேள்வி மீண்டும் திறக்கப்பட்டது.

1963இல் போப் இருபத்து மூன்றாம் ஜான் இதை ஆராய ஒரு குழுவை அமைத்தார். அவருக்குப்பின் வந்த போப் ஆறாம் பால் அதை விரிவாக்கினார். இறையியலாளர், மருத்துவர், மக்கள்தொகை வல்லுநர் ஆகியோருடன், மணவாழ்வு நடத்தும் தம்பதியரும் அதில் இடம்பெற்றனர். 1966இல் குழுவின் பெரும்பான்மையினர், கருத்தடை தன்னளவில் தீயதன்று, போதனையை மாற்றலாம் என்று பரிந்துரைத்தனர்.

சிறுபான்மையினரின் மறுப்பு நம் கவனத்துக்குரியது. மாத்திரையின் தன்மையைவிடத் திருச்சபையின் தன்மையைப் பற்றியே அது அதிகம் கவலைப்பட்டது. இன்று போதனையை மாற்றினால், 1930இல் தூய ஆவி ஆங்கிலிக்கரின் பக்கம் இருந்தார் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். பெரும் பாவம் என்று சொல்லி எத்தனையோ பேரின் மனச்சாட்சியின்மீது ஏற்றிய சுமை வீண்சுமையாகிவிடும். அப்படித் தவறக்கூடிய திருச்சபையை இறைவழிகாட்டல் பெற்றதென்று எவ்வாறு நம்புவது? இதுவே அவர்களின் வாதச் சாரம்.

1968 ஜூலை 25ஆம் தேதியிட்ட 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலில் போப் ஆறாம் பால் பெரும்பான்மையினரின் பரிந்துரையை ஏற்க மறுத்தார். அச்சுற்றுமடல் பிள்ளைகளைக் கணக்கின்றிப் பெறச் சொல்லவில்லை. உடல், பொருளாதார, உள, சமூக நிலைகளை எண்ணிப் பார்த்துப் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது 'பொறுப்புள்ள பெற்றோர்'க்கு உரியது என்று அது ஏற்கிறது. தக்க காரணம் இருப்பின் குறித்த காலத்துக்கோ காலவரையறை இன்றியோ பிள்ளைப்பேற்றைத் தவிர்க்கலாம் என்கிறது. நோயைத் தீர்க்கும் மருத்துவம் கருத்தரிப்பைத் தடுத்துவிடுமாயினும் அம்மருத்துவத்தை அனுமதிக்கிறது. ஆயினும் தாம்பத்திய உறவில் தம்பதியரின் ஒன்றிப்பும் உயிர் உண்டாகும் வாய்ப்பும் இறைவனால் பிணைக்கப்பட்டவை என்றும், மனிதன் தன் விருப்பப்படி அவற்றைப் பிரிக்கலாகாது என்றும் அது தீர்மானமாகக் கூறுகிறது. கருச்சிதைவு, நேரடி மலடாக்கம், மாத்திரை, உறை, இடைமுறிவு ஆகிய அனைத்தும் இதனால் விலக்கப்பட்டன.

நாட்களைத் தேர்ந்து தவிர்ப்போரும் மாத்திரை உண்போரும் நாடுவது ஒன்றுதானே என்ற கேள்வி கத்தோலிக்கரிடையிலேயே எழுந்தது. முன்னவர் இயற்கை தந்த வாய்ப்பைப் பயன்படுத்துகின்றனர், பின்னவர் இயற்கையின் இயக்கத்தைத் தடுக்கின்றனர் என்பது சுற்றுமடலின் விடை. உண்ணாதிருப்பதும் உண்டபின் வேண்டுமென்றே வாந்தியெடுப்பதும் ஒன்றாகுமா என்று உவமை காட்டி அதை விளக்குவோர் உண்டு.

இச்சுற்றுமடல் 'தவறாவரம்' பெற்ற பிரகடனம் அன்று என்பது அதை வெளியிட்ட நிகழ்ச்சியிலேயே சொல்லப்பட்டது. 1968 செப்டம்பரில் வின்னிபெக் நகரில் கூடிய கனடிய ஆயர்கள், உண்மையாக முயன்றும் இப்போதனையைப் பின்பற்ற இயலாதோர் தம் மனச்சாட்சிப்படி நடக்கலாம் என்ற பொருள்பட அறிக்கை விட்டனர். போப் இரண்டாம் ஜான் பால் தம் நீண்ட பதவிக் காலத்தில் இப்போதனையை மேலும் வலியுறுத்தினார். நல்ல கத்தோலிக்கராக இருக்க முயல்களைப் போல் பெருக வேண்டியதில்லை என்று 2015இல் கூறிய போப் பிரான்சிஸும் தடையை நீக்கவில்லை. நடைமுறை வேறாகவே உள்ளது. கத்தோலிக்கப் பாரம்பரியம் கொண்ட இத்தாலியும் ஸ்பெயினும் ஐரோப்பாவிலேயே பிறப்பு விகிதம் மிகக் குறைந்த நாடுகளின் வரிசையில் நிற்கின்றன. பிலிப்பைன்ஸில் ஆயர்களின் கடும் எதிர்ப்பையும் மீறி 2012இல் இனப்பெருக்க நலச் சட்டம் நிறைவேறியது.

நம் மரபில் அஸ்ல்

நம் மரபில் இக்கேள்வி வேறு வாசல் வழியாக நுழைந்தது. விந்து கருப்பையைச் சேராதவாறு கணவன் விலகிக்கொள்ளும் 'அஸ்ல்' முறையை, குர்ஆன் அருளப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் செய்துவந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அது சிறிய உயிர்ப்புதைப்பு என்று யூதர்கள் சொல்வது அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் கூறப்பட்டபோது அவர்கள் அதை மறுத்ததாக அபூதாவூதில் அறிவிப்பு உள்ளது. மறுபுறம், அஸ்லை மறைமுகமான உயிர்ப்புதைப்பு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஜுதாமா (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. இதைக்கொண்டு இப்னு ஹஸ்ம் (ரஹ்) அஸ்லை முற்றிலும் தடுத்தார். பெரும்பான்மை இமாம்கள் இவ்வறிவிப்புகளை இணைத்துப் பார்த்து, அது விரும்பத்தகாததாக இருக்கலாமேயன்றி ஹராம் அன்று என்றனர். ஹனஃபி, மாலிக்கி, ஹன்பலி மத்ஹபுகள் மனைவியின் சம்மதத்தை நிபந்தனையாக்கின.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வின் திருமண ஒழுக்கங்கள் குறித்த பகுதியில் இதை விரிவாக ஆராய்கிறார்கள். அஸ்ல் செய்வது சிறந்ததை விட்டுவிடுவது மட்டுமே. பள்ளிவாசலில் அமர்ந்தவர் திக்ரோ தொழுகையோ இன்றி வாளாவிருப்பதைப் போன்றது என்பது அவர்களின் கருத்து. சிசுவைப் புதைப்பதும் கருவைச் சிதைப்பதும் உண்டாகிவிட்ட ஒன்றின்மீது செய்யும் குற்றம். அஸ்லில் அப்படி எதுவும் இன்னும் உண்டாகவில்லை. ஈஜாபும் கபூலும் சேர்ந்தால்தான் ஒப்பந்தம். கபூலுக்கு முன் ஈஜாபைத் திரும்பப் பெற்றவர் ஒப்பந்தத்தை முறித்தவர் ஆகார் என்று ஃபிக்ஹின் மொழியிலேயே அதை விளக்குகிறார்கள்.

பின்னர் அவர்கள் நோக்கங்களை எடை போடுகிறார்கள். எண்ணும் நோக்கங்கள் ஐந்து. முதலாவது அக்காலத்து அடிமைப்பெண்கள் தொடர்பானது. இன்று அதற்கு இடமில்லை. மனைவியின் அழகையும் உயிரையும் பேணுவது இரண்டாவது, அதில் குற்றமில்லை. பிள்ளைகள் பெருகினால் நேரும் சிரமத்தையும் தகாத வழியில் பொருளீட்ட நேர்வதையும் அஞ்சுவது மூன்றாவது. தவக்குல் அதைவிட உயர்ந்தது, எனினும் இது தடுக்கப்பட்டதன்று. பெண்குழந்தை பிறந்துவிடுமோ என்று அஞ்சுவது நான்காவது. இது கெட்ட நிய்யத். ஜாஹிலிய்யா காலத்து அரபிகளின் மனப்பான்மை. பேறுகாலத்தையும் பாலூட்டுவதையும் அருவருத்து ஒதுக்குவது ஐந்தாவது, அதுவும் கண்டிக்கத்தக்கது.

இரு மரபுகளும் பிரியும் இடம் இதுவே. திருச்சபையில் நோக்கம் நல்லதாயினும் வழி தவறானால் செயல் பாவமாகிறது. இமாம் கஸ்ஸாலியிடத்தில் வழி ஆகுமானதாயினும் நோக்கம் கெட்டால் மனிதன் குற்றவாளியாகிறான். ஆகவே, "வத்திக்கானே தடுத்திருக்கிறது" என்ற வாதத்தை நம் மேடையில் வைப்பவர், நம் இமாம்களில் பெரும்பான்மையோர் ஏற்காத ஓர் அடிப்படையை அறியாமலேயே இறக்குமதி செய்கிறார். மௌலானா மௌதூதி (ரஹ்) போன்றோர் கருத்தடையை ஓர் இயக்கமாக எதிர்த்ததும் வேறு காரணங்களால்தான். மேற்கின் பொருளியல் வாழ்க்கைநோக்கை அவர்கள் எதிர்த்தார்கள்.

இதனால் நம் மரபுக்குப் பொறுப்புக் குறைந்துவிடவில்லை. வழியை வெளியிலிருந்து பார்த்துத் தீர்ப்பளித்துவிடலாம். நிய்யத்தை அவ்வாறு பார்க்க இயலாது. அதை எடைபோடும் கடமை தம்பதியரின் உள்ளத்தையே சேர்கிறது. பெண்சிசு என்றறிந்து கருவை அழிக்கும் கொடுமை நடக்கும் இந்நாட்டில், இமாம் அவர்கள் நான்காவதாக எண்ணிய நிய்யத்தைப் பற்றி நம் ஜும்ஆ மேடைகள் எத்தனை முறை பேசியுள்ளன?

ஒன்றுபடும் இடம்

கட்டாயத்தை எதிர்ப்பதில் இரு மரபுகளும் கைகோக்கின்றன. செயற்கைக் கருத்தடை ஏற்கப்பட்டால் அரசுகள் அதை மக்கள்மீது திணிக்க முற்படும் என்று 'ஹுமானே வீத்தே' 1968இலேயே எச்சரித்தது. எட்டே ஆண்டுகளில், நெருக்கடி நிலையின்போது, நம் நாட்டில் அது நேர்ந்தது. 1976-77இல் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. ஹரியானாவின் உட்டாவர் என்னும் முஸ்லிம் கிராமத்தைக் காவல்துறை சுற்றி வளைத்து ஆடவரை அறுவைக்கு இட்டுச் சென்றது 1976 நவம்பரில். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், பிள்ளை பெறும் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டம் இயற்றுவது கூடாது, ஷரீஅத் ஏற்கும் அவசியமின்றி நிரந்தர மலடாக்கம் கூடாது, தம்பதியர் கலந்தாலோசித்துத் தீங்கின்றி இடைவெளி விடுவது ஆகும் என்று தீர்மானித்தது.

1994இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டில் வத்திக்கானும் முஸ்லிம் நாடுகள் சிலவும் ஒரே பக்கம் நின்றதாகச் செய்திகள் வந்தன. அவை சேர்ந்து நின்றது பெரும்பாலும் கருச்சிதைவு பற்றிய வாசகங்களில்தான். மாநாட்டை நடத்திய எகிப்தே குடும்ப நலத் திட்டத்தைப் பல்லாண்டுகளாக நடத்திவந்த நாடு. கருச்சிதைவை எதிர்த்து அங்கு உரையாற்றிய பாகிஸ்தான் பிரதமர் பெனாசிர் பூட்டோ, குடும்பத் திட்டமிடலை ஆதரித்தே பேசினார்.

இடைவெளி நாடும் பெண்ணிடம் நாம் கேட்க வேண்டியவை, நம் இமாம்கள் கேட்டவையே: உன் உடல்நிலை என்ன, உன் சம்மதம் பெறப்பட்டதா, உங்கள் இருவரின் நிய்யத் என்ன? இவற்றுக்கு நேர்மையாக விடை சொல்லும் தம்பதியரைச் சிசுக்கொலையின் பெயரால் அச்சுறுத்த நமக்கு ஆதாரம் இல்லை. வல்லாஹு அஃலம்.