கல்கத்தாவில் பிறந்த உஷா

கல்கத்தா என்ற பெயரை நான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது பூகோளப் புத்தகத்தில் அல்ல, அம்மாவின் தையல் மிஷினில். கல்யாணச் சீரோடு வந்த உஷா மிஷின் அது. அதன் கழுத்தில் ஒட்டியிருந்த பித்தளைத் தகட்டில் கம்பெனியின் பெயருக்குக் கீழே ஊர்ப்பெயர் பொடி எழுத்தில் இருக்கும். முப்பது வருஷம் கழித்து வேலை என்னை அந்த ஊருக்கே கொண்டுவந்து சேர்த்தது. லேக் மார்க்கெட் பக்கம் வீடு. முருங்கைக்காயும் ஃபில்டர் காபிப் பொடியும் கிடைக்கிற கல்கத்தா என்று சொன்னால் அங்கே இருந்தவர்களுக்குப் புரியும்.

பழைய பேப்பர்காரரை இங்கே 'பிக்ரிவாலா' என்பார்கள். ஒருநாள் அவர் வண்டியில், உடைந்த மின்விசிறி இறக்கைகளுக்கு அடியில், ஒரு கறுப்புக் கழுத்து தெரிந்தது. மிஷினின் தலை மட்டும்தான். ஸ்டாண்ட் இல்லை, பெல்ட் இல்லை. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. எச்சில் தொட்டுத் தகட்டைத் தேய்த்தேன். உஷா, கல்கத்தா. இரும்பு எடைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

பழைய தையல் மிஷின் சேகரிப்பவர்களில் பெரும்பாலானோர் உஷாவைச் சீந்துவதில்லை. அவர்களுக்கு வேண்டியது சிங்கர். அதிலும் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. 1885-ல் திறந்த அந்த ஆலை 1913 வாக்கில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேலான மிஷின்களை வெளியே அனுப்பியது, 1980-ல் மூடிவிட்டார்கள். ஆலை போனாலும் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் சிங்கர்தான். நம் ஊர் வீடுகளில் தூங்கும் சிங்கர்களில் பல அங்கே பிறந்தவை. மேடையின் வலது ஓரத்தில் தூணடியில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைப் பார்த்தால் பிறந்த வருஷத்தைச் சொல்லிவிடலாம். எண்ணுக்கு முன்னால் ஒய் என்ற ஒற்றை எழுத்து இருந்தால் 1920-களிலிருந்து 1930-களின் நடுப்பகுதி வரை. இ, ஏ என்று இரட்டை எழுத்தாகத் தொடங்கினால் அதற்குப் பிந்தியது. இப்படி ஜாதகம் கணிக்க வசதியாக இருப்பதும் சிங்கர் மோகத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அழகும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் உஷாவை ஒதுக்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அதைச் சொல்ல முதலில் மிஷினின் வயிற்றைத் திறக்க வேண்டும்.

கையால் தைக்கும்போது ஊசி துணியின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் முழுசாக வெளியே வருகிறது. மிஷின் ஊசி அப்படி வருவதே இல்லை. இறங்குகிறது, வந்த வழியே ஏறிவிடுகிறது. அப்படியானால் நூல் எப்படித் துணியில் நிற்கிறது? விடை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, ஊசியின் காது கொண்டையில் இல்லாமல் நுனியில் இருக்கிறது. நுனியில் காதுள்ள ஊசியையும் அடியில் ஓடும் ஷட்டிலையும் சேர்த்து 1846-ல் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்கர் எலியாஸ் ஹோவ். ஐசக் சிங்கர் 1851-ல்தான் வருகிறார். இரண்டாவது விடை, ஊசி அடிவரை போய்ச் சற்றே மேலே எழும் அந்த ஒரு கணம். அப்போது ஊசியோடு ஒட்டியிருந்த நூல் துணியில் உரசித் தயங்கிப் பின்தங்குகிறது. ஊசியின் முதுகில் சின்னதாக ஒரு கண்ணி உப்புகிறது. சரியாக அந்தக் கணத்தில் கொக்கி ஒன்று வந்து கண்ணியைப் பிடித்து விரித்து, அடிநூல் வைத்த பாபினைச் சுற்றி ஒரு வலம் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. மேலே ஆடிக்கொண்டிருக்கும் கை நூலைச் சுண்டி இழுக்கிறது. மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்கின்றன. ஒரு தையல் முடிந்தது. மேடைக்கு அடியிலிருந்து பல் எழும்பித் துணியை ஒரு தையலளவு தள்ளுகிறது.

ஆக, கண்ணி உப்பும் பக்கம்தான் கொக்கி இருக்க வேண்டும். ஊசிக் கொண்டையின் தட்டைப் பக்கம் கொக்கியைப் பார்க்கட்டும், நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து நூலைக் கோக்கவேண்டும். இதை மாற்றிவிட்டு மிஷின் தையல் விடுகிறது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கொக்கியும் பாபினும் எப்படி இருக்கின்றன என்பதில்தான் மிஷின்களின் குலம் பிரிகிறது. பழைய சிங்கர் 27, 28 மாடல்களில் ஷட்டில் தோட்டா மாதிரி இருக்கும், உள்ளே விரல் நீளத்துக்கு ஒல்லியான பாபின். ஷட்டில் முன்னும் பின்னும் ஆடும். 15-ஆம் மாடலில் காசு மாதிரி வட்டப் பாபின்; கொக்கி அரைவட்டம் போய்த் திரும்பி வரும். இந்த 15-ஐத்தான் உலகம் நகலெடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் எடுத்தது, நம் நாட்டு வீட்டு மிஷின்களும் அதே அச்சுத்தான். உஷாவின் பெருமை இங்கே இருக்கிறது. அதன் பாபினும் பாபின் கேஸும் ஊசியும் எந்த ஊர் தையல் சாமான் கடையிலும் இன்றைக்கும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றன. அதே சாமான் தாத்தா காலத்து 15 சிங்கருக்கும் பொருந்தும். ஷட்டில் தொலைந்துபோன 28-ஐ அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உஷாவில் தலையணை உறை தைக்கலாம்.

என் மிஷின் தைக்கும் நிலையில் இல்லை. பூட்டிய மாதிரி இறுகிக் கிடந்தது. இறுகிய மிஷினைப் பலம் கொண்டு சுற்றக் கூடாது; முதலில் கொக்கியின் பக்கம் சிக்கிய நூலைத் தேடவேண்டும். பாபினுக்குப் பின்னால் நூலும் பஞ்சும் எண்ணெயும் கலந்து அல்வா மாதிரி ஒரு கட்டி இருந்தது. அதை எடுத்த பிறகும் அசையவில்லை. தலைமுடி காயவைக்கும் டிரையரால் கழுத்தைச் சூடு பண்ணினேன். இரும்பு சூடேற ஏற வீடெல்லாம் கடுகெண்ணெய் வாசம்.

வங்காள வீடுகளில் சமையலுக்கும் குழந்தையின் உடம்புக்கும் கடுகெண்ணெய்தான். மிஷினுக்கும் அதையே விட்டிருக்கிறார்கள். கடுகெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. காற்றின் ஆக்சிஜன் அவற்றைப் பிடித்து ஒன்றோடொன்று கோத்துவிடும். சில வருஷத்தில் எண்ணெய் வார்னிஷ் ஆகிவிடுகிறது. அப்பளம் பொரிக்கும் வாணலியின் விளிம்பில் மஞ்சளாகப் படிகிறதே, அதே சங்கதி. நம் பக்கம் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அதில் இரட்டைப் பிணைப்பு குறைவு, அவ்வளவாக வார்னிஷ் ஆகாது, ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். கல்கத்தா டிசம்பரில் அந்த மிஷின் காலையில் வேலைநிறுத்தம் செய்யும். மிஷின் ஆயில் என்று விற்பது மண்ணெண்ணெயின் உறவுக்கார மினரல் எண்ணெய். பிணைக்க ஏதும் இல்லாததால் பல வருஷம் எண்ணெயாகவே இருக்கும்.

ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெய் சொட்டு, ஒரு ராத்திரி ஊறல், மறுபடி சூடு. மூன்றாம் நாள் சக்கரம் ஒரு விரலளவு நகர்ந்தது. அந்த ஒரு விரலை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித்தான் முழுச் சுற்றுக்குக் கொண்டுவந்தேன். பிறகு மண்ணெண்ணெயைத் துடைத்து மிஷின் ஆயில். அதை மறந்தால் உராய்வில் தேய்ந்துவிடும்.

உற்சாகத்தில் சக்கரத்தையும் கழற்றினேன். சக்கரத்தின் திருகுக்குள்ளே கொம்புகள் வைத்த வாஷர் ஒன்று உண்டு. பாபின் சுற்றும்போது ஊசியை நிறுத்தி வைக்கிற கிளட்ச் அதுதான். திருப்பி மாட்டியபோது சக்கரம் சுற்றியது, ஊசி அசையவில்லை. ஒரு மாலை முழுக்க உள்ளே எதையோ உடைத்துவிட்டேன் என்று கலங்கிக் கிடந்தேன். வாஷரை அரைச்சுற்று திருப்பிப் போட்டதும் சரியாகிவிட்டது. மிஷின் ரிப்பேர்க்காரர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

பொன்னிறப் பூவேலையில் கை வைக்கும்போதுதான் அதிக எச்சரிக்கை வேண்டும். அது வர்ணம் அல்ல, மெல்லிய ஒட்டுப்படம். மேலே வார்னிஷ் பூச்சு. ஸ்பிரிட்டும் தின்னரும் அந்தப் பூச்சைக் கரைக்கும். பூச்சு போனால் தங்கம் வெள்ளியாக வெளுக்கும். பஞ்சில் மிஷின் ஆயிலே போதும், நாள் கணக்கில் தேய்க்கப் பொறுமை வேண்டும். என் மிஷினில் பூவேலைக்கு நடுவே காசு அகலத்துக்கு ஒரு வட்டம் மட்டும் மொட்டையாக இருந்தது. செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜைக்கு வருஷா வருஷம் வைத்த செந்தூரம். நம் வீட்டு மிஷின்களில் ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் செய்கிற அதே வேலை.

இந்த இரும்பை வார்த்த இடம் என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். உஷாவைச் செய்த ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 1930-களின் நடுவில் தொடங்கியது. 1938-ல் டெல்லி தொழிலதிபர் லாலா ஸ்ரீராம் கைக்குப் போனது. தொடங்கியவர் தன் கடைசி மகளின் பெயரை மிஷினுக்கு வைத்தார் என்பார்கள். பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் ஆலை. மிஷினும் மின்விசிறியும் செய்தார்கள்.

1924-ல், இந்த ஆலை வருவதற்குச் சுமார் பத்து வருஷம் முன், சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் காந்தியிடம் நீங்கள் எல்லா எந்திரத்துக்கும் எதிரியா என்று கேட்டார். சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார் காந்தி: மனைவி தைத்துத் தைத்துச் சோர்வதைப் பார்த்து அன்பில் செய்த கருவி என்று. (சிங்கர் பல பெண்களிடம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்ற நாடகக்காரர். அது காந்திக்குத் தெரியாது போலும்.) மாணவர் விடவில்லை. அந்த மிஷினைச் செய்ய ஒரு ஆலை வேண்டுமே என்றார். அப்படிப்பட்ட ஆலை தேசத்தின் உடைமையாக இருக்கட்டும் என்று பதில் வந்தது. அந்த மாணவர் ஜி. ராமச்சந்திரன், பின்னாளில் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் கண்டவர்.

ஆலை தேசத்துடைமை ஆகவில்லை, சட்டப் புத்தகத்தில் ஏறியது. 1967-ல் வங்கத்தின் முதல் ஐக்கிய முன்னணி ஆட்சியில், நிர்வாகிகளைத் தொழிலாளர்கள் சூழ்ந்து நின்று வெளியே விடாத 'கெராவ்' ஊரெங்கும் பரவியது. தொழிலாளர் அமைச்சரைக் கேட்காமல் போலீஸ் தலையிடக் கூடாது என்று அரசு சுற்றறிக்கை விட்டது. எதிர்த்து உயர் நீதிமன்றம் போனவர்களில் முதல் பெயர் ஜே இன்ஜினியரிங். ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த செப்டம்பரில் சுற்றறிக்கைகளை ரத்து செய்தது. தொழிலாளர் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் அந்தப் பெயரில்தான் வழக்கை மனப்பாடம் செய்கிறார்கள். தையல் மிஷின் கம்பெனி என்று எத்தனை பேருக்குத் தெரியுமோ.

ஆலை இருந்த நிலத்தில் இப்போது சவுத் சிட்டியின் 35 மாடிக் கோபுரங்கள். பக்கத்தில் 2008-ல் திறந்த மால். மிஷின்கள் இன்னும் ஓடுகிற இடம் மேற்கே மெட்டியாப்ருஸ். 1856-ல் அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா நாடிழந்து வந்து தங்கிய இடம். அவரோடு வந்த தையற்காரர்களைத் தொடர்ந்து வளர்ந்த தொழில் இன்று சந்துக்குச் சந்து ஆயத்த ஆடையாகப் பெருகியிருக்கிறது. அங்கே பெரும்பாலும் கரண்ட் மிஷின்தான், ஆனாலும் பித்தான் தைக்கும் மூலையில் ஒரு கால் மிஷின் கண்ணில் படும்.

என் உஷாவுக்கு ஸ்டாண்டும் தோல் பெல்ட்டும் கிடைத்துவிட்டன. அம்மா வந்திருந்தபோது முதல் தலையணை உறையைத் தைத்தாள். டென்ஷன் கொஞ்சம் தளர்வு என்று அவளே திருகினாள். ஆயுத பூஜை வந்தது. கழுத்தில் பொட்டு வைக்காதே என்று வார்னிஷ், ஒட்டுப்படம் எல்லாம் விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் பார்த்தால் ஸ்டாண்டின் நான்கு கால்களிலும் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன.