பத்தாயிரம் டாலரும் முப்பது டாலரும்

2015 ஜனவரியில் அமெரிக்காவின் மோக் நிறுவனம் தன் பழைய மாடுலர் சிந்தசைசர்களை மறுபடியும் செய்து விற்கப்போவதாக அறிவித்தது. 1970-களில் இருந்த அதே சர்க்யூட், அதே மரப்பெட்டி. பெரியதான சிஸ்டம் 55-இன் விலை 35,000 டாலர்; செய்யப்போவது மொத்தமே 55 பெட்டிகள். சிறியதான மாடல் 15-க்குப் பத்தாயிரம் டாலர். அடுத்த ஆண்டு மே மாதம் அதே நிறுவனம் அதே மாடல் 15-ஐ ஐபேடுக்கும் ஐபோனுக்குமான செயலியாக வெளியிட்டது. விலை 30 டாலர்.

முந்நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். பெயர் ஒன்று, முகப்பு ஒன்று, குமிழ்கள் இருக்கும் இடம்கூட ஒன்றுதான். அப்படியானால் பத்தாயிரம் கொடுத்தவர் கூடுதலாக எதை வாங்கினார்? மின்னணு இசைக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்த வழக்கு எப்படியும் கிளம்பிவிடும். ‘அனலாக்கின் கதகதப்பு கணினியில் வராது’ என்பார் ஒருவர். ‘கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் உனக்கே தெரியாது’ என்பார் மற்றவர். இருவரிடமும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே சண்டையைத் தப்பான இடத்தில் போடுகிறார்கள்.

முதலில், மாடுலர் என்றால் என்ன? கடையில் வாங்கும் சாதாரண கீபோர்டில் ஒலி எப்படி உருவாக வேண்டும் என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. மாடுலரில் அந்த வழியை வாசிப்பவரே கேபிள் போட்டு அமைக்க வேண்டும். அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் ஒரு மாட்யூல். அந்த அலையின் கூர்மையைச் சீவி மழுக்கும் ஃபில்டர் இன்னொன்று. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஆம்ப்ளிஃபயர் வேறொன்று. ஒலி எத்தனை வேகத்தில் எழுந்து எத்தனை வேகத்தில் அடங்க வேண்டும் என்று சொல்லும் என்வலப் தனி. இவற்றைக் கேபிள்களால் இணைத்து ஒரு ஒலியைக் கட்டுவதற்குப் பேட்ச் என்று பெயர்.

இதில் பெரிய தந்திரம் ஒன்று உண்டு. கேட்கும் ஒலியும் வோல்டேஜ்தான். அந்த ஒலிக்குக் கட்டளை போடுவதும் வோல்டேஜ்தான். மோக் நிறுவனத்தைத் தொடங்கிய ராபர்ட் மோக் வகுத்த கணக்கில் ஆஸிலேட்டருக்கு ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி ஏறும். ஸ்தாயியில் 12 அரைஸ்வரம் என்பதால், ஒரு அரைஸ்வரத்துக்கு ஏறக்குறைய 83 மில்லிவோல்ட். எல்லாமே வோல்டேஜ் என்பதால் எதை வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் செருகலாம். மெதுவாக ஆடும் ஓர் ஆஸிலேட்டரை இன்னொன்றின் சுருதிக்குள் செருகினால் கமகம் போல அசைகிறது. அதே ஆஸிலேட்டரை வேகப்படுத்தினால் மணியோசை போன்ற வேறொரு ஒலியே பிறந்துவிடுகிறது. வாங்கும்போது பெட்டிக்குள் இல்லாத ஒலியைக்கூடக் கேபிளை மாற்றிச் செருகி எடுத்துவிடலாம்.

அனலாக் கருவி மூத்தது, கணினி மென்பொருள் அதைப் பார்த்து எழுதிய நகல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் என்ற பொறியாளர் 1957-லேயே ஐபிஎம் 704 கணினியை இசைக்க வைத்துவிட்டார். முதலில் ஒலித்தது 17 விநாடி நீளமுள்ள ஒரு மெட்டு. 1960-இல் அவர் எழுதிய ‘மியூசிக் 3’ என்ற நிரலில் ஆஸிலேட்டர், கூட்டல் என்று தனித்தனித் துண்டுகள் இருந்தன. இசையமைப்பவர் அவற்றைத் தேவைக்கேற்ப இணைத்துத் தனக்கான வாத்தியத்தைக் கட்டிக்கொள்ளலாம். மாடுலர் என்ற எண்ணம் அப்படியே அதில் இருக்கிறது. ராபர்ட் மோக் நியூயார்க் மாநிலத்தில் தன் முதல் மாட்யூல்களைச் செய்தது 1964-இல். எனவே டிஜிட்டல்தான் அண்ணன். என்ன, அந்த அண்ணன் ஒரு சில விநாடி இசையைக் கக்குவதற்கே வெகுநேரம் எடுத்துக்கொள்வார். மோக்கின் பெட்டியோ தொட்டவுடன் ஒலித்தது. அடுத்த கால் நூற்றாண்டு அனலாக்கின் கையில் போனதற்குக் காரணம் அதுதான்.

மோக் கிழக்குக் கரையில் உழைத்த அதே வருடங்களில் மேற்குக் கரையில் டான் புக்லா என்பவர் வேறொரு மாடுலரைச் செய்துகொண்டிருந்தார். மோக்கின் கருவியில் பியானோ போன்ற கட்டைகள் உண்டு. புக்லா கட்டைகளை ஒதுக்கினார். கட்டையைக் கொடுத்தால் மனிதர்கள் பழைய இசையைத்தான் வாசிப்பார்கள் என்பது அவர் கட்சி. அவர் கருவியில் மார்ட்டன் சுபாட்னிக் 1967-இல் ஒரு முழு இசைத்தட்டையே உருவாக்கினார். ஆனால் உலகத்துக்கு சிந்தசைசர் என்ற ஒன்று இருப்பதைச் சொன்னது 1968-இல் வெண்டி கார்லோஸ் மோக்கில் பதிவுசெய்த, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசைத்தொகுப்புதான். அது மூன்று கிராமி விருதுகளை அள்ளியது. இந்தியாவுக்கும் இந்த அலை உடனே வந்துவிட்டது: 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மோக் மாடுலரை அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் நிறுவிக் கொடுத்தார். அதில் இந்தியர்கள் பதிவுசெய்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் ஆவணக்காப்பகத்தில் தூங்கிவிட்டு 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தன.

கார்லோஸின் இசைத்தட்டைக் கேட்பவர்களுக்கு அதன் பின்னால் இருந்த பாடு தெரியாது. அந்த மோக்கில் ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். பாக் எழுதிய பின்னலான இசையை இழை இழையாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக எட்டுத்தட நாடாவில் ஏற்றினார்கள். மாதக்கணக்கில் வேலை. போதாததற்கு, கருவி சுருதியில் நிற்காது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தம்புராவின் பிரடையைத் திருகும் பாடகரைப் போல, குமிழைத் திருகிச் சுருதி சேர்த்துக்கொண்டே பதிவுசெய்ய வேண்டியிருந்தது. 1977-இல் மியூனிக்கில் இசைத்தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடர், பாடகி டோனா சம்மருக்காக ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டை மோக்கில் அமைத்தபோதும் இதே கதைதான். சிறு துண்டாகப் பதிவுசெய், நிறுத்து, சுருதி சேர், மறுபடி தொடங்கு.

சுருதி ஏன் நழுவுகிறது? குறை சூட்டில் இருக்கிறது. ஒரு வோல்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற கணக்கை நடத்திவைப்பது டிரான்சிஸ்டர். அதன் போக்கு வெப்பத்தோடு மாறும், ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.33 சதவீதம். மாற்று ஏற்பாடு எதுவும் இல்லையென்றால், அறையில் ஒரு டிகிரி ஏறியதும் மூன்று ஸ்தாயி தள்ளியிருக்கும் ஸ்வரம் அரைஸ்வரத்தில் எட்டில் ஒரு பங்கு விலகிவிடும். தேர்ந்த காது அதை உடனே பிடித்துவிடும். இன்றைய அனலாக் கருவிகள் வெப்பத்தை ஈடுகட்டும் மின்தடைகளை வைத்து இந்தச் சிக்கலைப் பெருமளவு அடக்கிவிட்டன. இருந்தும் பலர் கருவியைப் போட்டுவிட்டு, அது சூடேறி நிலைப்படும்வரை காத்திருந்துதான் வாசிக்கத் தொடங்குகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பொறியாளர்கள் விரட்ட நினைத்த இந்தக் குறையைத்தான் ரசிகர்கள் ‘கதகதப்பு’ என்று கொண்டாடுகிறார்கள். இரண்டு ஆஸிலேட்டர்களை ஒரே சுருதியில் வைத்தால் அவை ஒருபோதும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. அந்த மிகச் சிறிய விலகலில் ஒலி தடித்து, மெல்ல அலைகிறது. கணினியில் இரண்டு ஆஸிலேட்டர்கள் இம்மி பிசகாமல் ஒத்துப்போகும், ஒலி தட்டையாகக் கேட்கும். அதனால் மென்பொருள் எழுதுபவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் நழுவலை எழுதிச் சேர்க்கிறார்கள்.

டிஜிட்டலுக்கும் சொந்த நோய்கள் உண்டு. கணினி ஒலியை விநாடிக்கு 48,000 எண்களாக வைத்துக்கொள்கிறது என்று வையுங்கள். அதில் பாதி, அதாவது 24,000 ஹெர்ட்ஸ் வரைதான் அதனால் பிடிக்க முடியும். ரம்பப்பல் வடிவ அலையில் அடிப்படைச் சுருதியின் எல்லா மடங்குகளும் இருக்கும். 5,000 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தை வாசித்தால் அதன் ஏழாவது மடங்கு 35,000. அது எல்லைக்கு வெளியே போய் மறைவதில்லை. மடங்கித் திரும்பி 13,000 ஹெர்ட்ஸில் வந்து உட்காருகிறது. 5,000-க்கும் 13,000-க்கும் எந்தச் சுருதி உறவும் இல்லை. விளைவு, கண்ணாடியைக் கீறுவது போன்ற ஒரு பிசிறு. தொடக்க கால மென்பொருள் சிந்தசைசர்களைப் பற்றி ‘பிளாஸ்டிக் சத்தம்’ என்று சொன்னவர்கள் கற்பனையாகப் பேசவில்லை. இன்று அலையை எல்லை தாண்டாமல் வரையவும், பல மடங்கு வேகத்தில் கணக்கிட்டுப் பிறகு சுருக்கவும் வழிகள் வந்துவிட்டன. நல்ல மென்பொருளில் இந்தப் பிசிறைக் காதால் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

மிச்சமிருக்கும் ஓர் இடத்தில் வித்தியாசம் இன்றும் நிஜம். ஒரு மாட்யூலின் வெளியீட்டைச் சுற்றிக் கொண்டுவந்து அதற்குள்ளேயே செருகுவது மாடுலர்காரர்களுக்குப் பிடித்த விளையாட்டு. கம்பியில் மின்சாரம் திரும்பி வர நேரமே ஆவதில்லை. ஆனால் வீசிவி ரேக் என்ற மாடுலர் மென்பொருளில் ஒவ்வொரு கேபிளும் மேலே சொன்ன எண்களில் ஒன்றுக்கான நேரத்தைத் தின்கிறது. 48,000 கணக்கில் சுமார் 21 மைக்ரோவிநாடி. சாதாரண பேட்சில் இது ஒன்றுமே இல்லை. இப்படிச் சுற்றி வரும் பேட்சிலோ அந்தத் தாமதம் சேர்ந்து ஒலியின் குணத்தையே மாற்றிவிடும். கதறி, முறிந்து, தானே ஊளையிடும் ஒலிகளைத் தேடுபவருக்கு அனலாக் பெட்டியில் வேறு ஒரு மிருகம் கிடைக்கிறது.

வீசிவி ரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண்ட்ரூ பெல்ட் என்பவர் 2017-இல் வெளியிட்ட இந்த மென்பொருள், கணினித் திரையில் ஒரு மாடுலர் பெட்டியை அப்படியே விரிக்கிறது. இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. ஆயிரக்கணக்கான மாட்யூல்கள் கிடைக்கின்றன. சுருதிக்கு அங்கேயும் ஒரு வோல்டுக்கு ஒரு ஸ்தாயிதான். உண்மையில் வோல்டேஜே இல்லாத இடத்தில் வோல்ட் கணக்கு! அது பின்பற்றும் மரபு யூரோரேக்: ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990-களின் நடுவில் தொடங்கிவைத்த, 128.5 மில்லிமீட்டர் உயர மாட்யூல்களின் உலகம். இன்று நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் அந்த அளவில் மாட்யூல் செய்கின்றன.

இங்கேதான் ‘அனலாக்கா டிஜிட்டலா’ என்ற கேள்வி காலொடிந்து போகிறது. யூரோரேக்கில் பெரும் புகழ் பெற்ற மாட்யூல்கள் சில பாரிஸில் எமிலி ஜிலே நடத்திய மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸிலிருந்து வந்தவை. பிளெய்ட்ஸ், ரிங்ஸ், கிளவுட்ஸ் மூன்றும் உலோக முகப்பும் குமிழும் கொண்டவை. உள்ளே ஓடுவதோ நிரல். அவர் அந்த நிரலைத் திறந்தே வெளியிட்டார். ஆகவே அதே நிரல் வீசிவி ரேக்கிலும் இலவச மாட்யூலாக ஓடுகிறது. நிறுவனம் 2022-இல் மூடப்பட்ட பிறகும் பிறர் அந்த மாட்யூல்களைச் செய்துவருகிறார்கள். பிளெய்ட்ஸைப் பணம் கொடுத்து வாங்கி ‘அனலாக் பெட்டி’க்குள் பெருமையாக மாட்டியவரும், மடிக்கணினியில் சும்மா இறக்கிக்கொண்ட கல்லூரி மாணவரும் கேட்பது ஒரே கணக்கின் விடையைத்தான்.

அப்படியென்றால் காசு எதற்குப் போகிறது? கைக்குப் போகிறது. திரையில் ஒரு சுட்டியால் ஒரு சமயம் ஒரு குமிழைத்தான் திருக முடியும். பெட்டியின் முன் நிற்பவர் ஒரு கையால் ஃபில்டரைத் திறந்துகொண்டே மறு கையால் என்வலப்பை நீட்டுகிறார். புக்லாவில் பல பத்தாண்டு அனுபவமுள்ள சூசன் சியானியின் கச்சேரியைக் காணொளியில் பார்ப்பவர்களுக்கு இது உடனே விளங்கும்.

மறதிக்கும் போகிறது என்று சொல்லலாம். அனலாக் மாடுலரில் பேட்சைச் சேமிக்க முடியாது. கேபிளைப் பிடுங்கினால் போயிற்று. புகைப்படம் எடுத்து வைத்தாலும் அதே ஒலி திரும்புவதில்லை. சிலர் இதை விடுதலை என்கிறார்கள்: கையில் வந்ததை அப்போதே பதிவுசெய்தாக வேண்டும், திருத்திக்கொண்டே இருக்க முடியாது. நாளைக்குள் இயக்குநருக்கு நான்கு மாற்று வடிவங்கள் அனுப்ப வேண்டிய இசையமைப்பாளருக்கோ இது சாபம். அவருக்குக் கோப்பைத் திறந்ததும் நேற்றைய பேட்ச் அப்படியே நிற்க வேண்டும். பலகுரல் விஷயத்திலும் கணினி முந்துகிறது. வீசிவி ரேக்கில் ஒரே கேபிளில் 16 குரல்கள் வரை போகும். அதையே அனலாக்கில் செய்ய 16 ஆஸிலேட்டர், 16 ஃபில்டர் வாங்க வேண்டும்; வீட்டில் சுவர் போதாது.

இரண்டையும் சேர்த்து ஓட்டுபவர்களும் நிறைய. எக்ஸ்பர்ட் ஸ்லீப்பர்ஸ் நிறுவனத்தின் ஈஎஸ்-8 போன்ற மாட்யூல்கள் யூஎஸ்பி வழியாகக் கணினியின் எண்களை நிஜ வோல்டேஜாக மாற்றிப் பெட்டிக்குள் அனுப்புகின்றன. சாதாரண ஒலி அட்டை இதற்கு உதவாது. அசையாமல் நிற்கும் வோல்டேஜை அது பெரும்பாலும் வடிகட்டித் தள்ளிவிடும். இந்த ஏற்பாட்டில் தாளத்தையும் சுருதியையும் கணினி பார்த்துக்கொள்ள, ஃபில்டரும் சுற்றி வரும் ஊளையும் அனலாக்கிடம் போகின்றன. இரு தரப்பின் பலமும் எங்கே என்று தெரிந்தவர்களின் ஏற்பாடு இது.

புதிதாகத் தொடங்குபவர் பெட்டியில் பணத்தைப் போடாமல் இருப்பதே நல்லது. வீசிவி ரேக் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஓர் ஆஸிலேட்டர், ஒரு ஃபில்டர், ஓர் ஆம்ப்ளிஃபயர், ஓர் என்வலப் — இந்த நான்கை மட்டும் வைத்துக்கொண்டு சில மாதங்கள் பழகுங்கள். எந்த மாட்யூலின் குமிழைச் சுட்டியால் திருகத் திருக எரிச்சல் வருகிறதோ, அந்த ஒன்றை மட்டும் கடையில் வாங்குங்கள்.