தூதரகமும் துணைத் தூதரகமும்: யாருடைய தேவைக்காக?

கொழும்பில் இந்திய உயர்ஸ்தானிகராலயம், கண்டியில் உதவி உயர்ஸ்தானிகராலயம், யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் 2010 ஆம் ஆண்டு முதல் துணைத் தூதரகங்கள் என ஒரே நாட்டின் அலுவலகங்கள் இங்கு மூன்று பெயர்களில் இயங்குகின்றன. ஏன் இந்த வேறுபாடு எனப் பலரும் வினவுவதுண்டு.

பொதுநலவாய நாடுகள் தமக்கிடையே தூதரகத்தை உயர்ஸ்தானிகராலயம் என அழைப்பது வெறும் சம்பிரதாயமே. ஆனால், தூதரகத்துக்கும் துணைத் தூதரகத்துக்கும் இடையிலான வேறுபாடு பணியைப் பொறுத்தது. தலைநகரில் அமையும் தூதரகம் ஓர் அரசின் சார்பில் மற்றைய அரசுடன் பேசுகின்றது. இதனை 1961 ஆம் ஆண்டின் வியன்னா சாசனம் நெறிப்படுத்துகின்றது. துணைத் தூதரகமோ 1963 ஆம் ஆண்டின் மற்றொரு வியன்னா சாசனத்தின் கீழ், கடவுச்சீட்டு, பிறப்புப் பதிவு, ஆவண அத்தாட்சி, கைதானோரின் நலன் முதலிய சாதாரண மக்களின் கருமங்களைக் கவனிப்பதாகும். அது எந்நகரில் அமைவது, எப்பிரதேசத்தைப் பொறுப்பேற்பது என்பன அந்நாட்டின் இணக்கத்துடனேயே தீர்மானிக்கப்படும். துணைத் தூதரகம் இல்லாதவிடத்துத் தூதரகத்தின் கொன்சியூலர் பிரிவே இப்பணிகளை ஆற்றும்.

சவூதி அரேபியாவில் இலங்கைக்கு ரியாத்தில் தூதரகமும் ஜித்தாவில் துணைத் தூதரகமும் உள்ளன. ஹஜ் யாத்திரிகர்கள் வந்திறங்கும் நகரம் ஜித்தா என்பதை நம் வாசகர்களுக்குக் கூற வேண்டியதில்லை.

அந்நியச் செலாவணி வரண்ட வேளையில் இவ்வமைப்பும் சுருங்கியது. 2021 டிசம்பர் இறுதியுடன் அபுஜா, பிராங்பேர்ட், நிக்கோசியா அலுவலகங்களும், 2022 ஏப்ரல் இறுதியுடன் தற்காலிகமாக ஒஸ்லோ, பக்தாத், சிட்னி அலுவலகங்களும் மூடப்படும் என அரசாங்கம் அறிவித்தது. நோர்வேக்கான பொறுப்பு சுவீடனிலுள்ள தூதுவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அண்டை நாட்டுத் தூதுவரை இவ்வாறு இணைத்து நியமிப்பதைச் சாசனம் அனுமதிக்கின்றது. ஏட்டில் உறவு அறுவதில்லை. ஆனால் ஒரு கையொப்பத்துக்காக எல்லை கடந்து செல்ல வேண்டியவர் மக்களே.

1963 ஆம் ஆண்டுச் சாசனத்தின் 36 ஆவது உறுப்புரை மிக முக்கியமானது. வெளிநாட்டவர் ஒருவர் கைதானால் அவருக்குள்ள உரிமை தாமதமின்றி அறிவிக்கப்பட வேண்டும். அவர் கோரினால் அவரது நாட்டின் கொன்சியூலர் அலுவலகத்துக்குத் தகவல் தரப்பட வேண்டும். அவரைச் சிறையில் சந்திக்கவும் சட்டத்தரணியை ஏற்பாடு செய்யவும் அவ்வலுவலர்களுக்கு உரிமையுண்டு.

மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக் 2005 இல் சவூதியில் கைதானார். 2007 இல் மரணதண்டனை விதிக்கப்படும் வரை அவருக்குச் சட்டத்தரணி கிடைத்திருக்கவில்லை என மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. 2013 ஜனவரி 9 ஆம் திகதி அத்தண்டனை நிறைவேற்றப்பட்டது.

கோரினால் மட்டுமே கிடைக்கும் உரிமை இது. பணிப்பெண்ணாகப் புறப்படுபவருக்கு அதனை யார் எடுத்துரைக்கின்றனர்? கைதான செய்தி வீட்டுக்கு எட்டினால், கொழும்பிலுள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறவினர் உடனடியாக எழுத்துமூலம் முறையிடுவதே முதற்படியாகும்.